வாக்குத்தத்த வசனமும் நிறைவேறவில்லை, ஜெபத்துக்கும் பதில் இல்லை: இனி எப்படி விசுவாசிப்பது?

கேள்வி: காக்ஸ்டவுன் சகோதரி

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள். நான் பெங்களூருவில் ஒரு தமிழ்ச் சபையில் பிறந்து வளர்ந்தவள். அதே சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நடுநிலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். என்னுடைய கேள்வியை ஆயரவர்களிடம் நேரில் கேட்கலாம்; ஆனால் கேட்டால் அடுத்த வாரமே பெண்கள் ஐக்கியச் சங்கம் முழுவதும் எனக்காக ஜெபிக்க வீட்டுக்கு வந்துவிடும். அதற்கான தெம்பு இப்போது என்னிடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. டயாலிசிஸ் செய்துகொண்டே மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தான். அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில், வழக்கம்போல், வரும் ஆண்டுக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கும்படி தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கொண்டுவந்தபோது, அவன் கைக்கு வந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." நூற்றுக்கணக்கான அட்டைகளில் இந்த ஒன்று அவன் கைக்கு வந்ததை நாங்கள் தற்செயல் என்று நினைக்கவில்லை, அம்மா அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிறகு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர், வருஷம் முடிவதற்குள் இவன் உடம்பிலிருந்து எல்லாக் குழாய்களும் கழற்றப்படும் என்று கர்த்தர் தமக்குச் சொன்னதாகச் சொன்னார். குழாய்கள் கழற்றப்பட்டது உண்மைதான். மழைக்காலத்தில் ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தோம்.

எனக்குக் கோபம் வந்திருந்தால்கூட அதை ஜெபம் என்று எண்ணியிருப்பேன். வந்தது அதுவல்ல. முழங்கால்படியிடுகிறேன், வேதத்தைத் திறக்கிறேன், எதிரில் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஞாயிறு சாட்சி நேரத்தில் ஒருவர் அமெரிக்க விசா கிடைத்ததற்கும், இன்னொருவர் ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு அமைந்ததற்கும் நன்றி செலுத்தும்போது, நானும் "அல்லேலூயா" சொல்லுகிறேன். உள்ளே, விசாவுக்குப் பதில் சொல்ல நேரமிருந்த தேவனுக்கு என் தம்பிக்குப் பதில் சொல்ல நேரமில்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வசனம் தேவன் கொடுத்ததா, இல்லையா என்பது என் முதல் கேள்வி. உள்ளத்தில் ஒன்றும் இல்லாமல் ஆராதனைக்குப் போவதும் பாடம் நடத்துவதும் மாய்மாலம் ஆகாதா என்பது இரண்டாவது. மூன்றாவது உடனடியானது: அடுத்த மாதப் பாடம் மத்தேயு 7:7, "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பது. அப்பத்தைக் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பானா என்றும் அதே பகுதி கேட்கிறது. என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பலர் என் தம்பிக்காக உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் முன் நின்று இதை நான் எப்படிச் சொல்வது?

தேவனுடைய நேரம் வேறு, இதிலும் ஒரு நோக்கம் உண்டு என்ற ஆறுதல்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவற்றைச் சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது, அவ்வளவுதான்.

பதில்: மாரிகுப்பத்தார்

அன்புச் சகோதரிக்கு, உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதில் சிக்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

118ஆம் சங்கீதம், மரண ஆபத்திலிருந்து ஏற்கெனவே தப்பித்த ஒருவர் சபையின் நடுவே நின்று செலுத்தும் நன்றி. நெருக்கத்திலிருந்து கூப்பிட்டேன், கர்த்தர் என்னைக் கேட்டருளினார் என்று அவர் நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லுகிறார். அதிலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து, அட்டையில் அச்சிட்டு, தட்டில் கலந்து நீட்டும்போது, நன்றியாக இருந்தது முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது. சீட்டுப் போட்டு வசனம் எடுக்கும் பழக்கத்தை நான் இழிவாகப் பேசவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்த மொரேவியச் சபையார் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டு மூலம் தெரிந்தெடுத்து, 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். அங்கே அது சபை முழுவதும் அன்றைக்குத் தியானிக்க வேண்டிய வசனம். இன்னாருக்கு இந்த ஆண்டு இன்னது நடக்கும் என்ற அறிவிப்பு அல்ல. நம் சபைகளில் அது எப்படியோ தனிமனிதருடைய ஆண்டுப் பலன்போல் ஆகிவிட்டது. இதை எங்கள் சபையின் கமிட்டியில் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கவில்லை.

அந்த ஊழியரைப் பற்றி உபாகமம் 18:22 பேசுகிறது. கர்த்தரின் நாமத்தினாலே ஒருவன் சொன்னது நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அதை அவன் துணிகரத்தினால் சொன்னான் என்று நேராகவே எழுதியிருக்கிறது. இதோடு எரேமியா 42ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். எருசலேம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள், எகிப்துக்குப் போகலாமா வேண்டாமா என்று கர்த்தரிடம் விசாரித்துச் சொல்லும்படி எரேமியாவிடம் கேட்டார்கள். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. பயந்துபோன ஜனங்கள் வாசலில் நிற்கும்போது அந்தப் பத்து நாளும் அவர் தம்முடைய சொந்த யோசனையை எடுத்துக் கர்த்தர் சொன்னதாகச் சொல்லிவிடவில்லை. ஒரு தீர்க்கதரிசியின் உண்மை, அவர் பேசியதில் தெரிவதைவிட இந்தப் பத்து நாளில் அதிகமாகத் தெரிகிறது என்பேன்.

ஆகவே, சகோதரி, உங்களுக்கு நடந்தவற்றில் இரண்டு காரியங்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. தேவன் பேசவில்லை என்பது ஒன்று. அவர் பேசாத இடத்தில் அவர் பெயரால் மனிதர் பேசினார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது பொய்த்துப்போனதற்கான கணக்கை முதலாவதின் பேரில் எழுதவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அது பொய்த்ததால் தேவன் வாக்கு மாறினார் என்று ஆகாது. அவர் அந்த வாக்கைக் கொடுக்கவே இல்லை. ஆனால், அவர் ஏன் வாளாவிருந்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்லுகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருக்க யோபுவின் புத்தகம் கற்றுக்கொடுக்கிறது. அந்த மூன்று சிநேகிதரும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவரையில் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்து தேவனுக்காக நியாயம் பேசத் தொடங்கியபின், 42:7இல் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூளுகிறது; தேவனோடு வழக்காடிய யோபுவே நிதானமாய்ப் பேசினவன் என்று தீர்ப்பாகிறது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். சுரங்கம் மூடப்படப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து எங்கள் ஆலயங்களில் ஏறெடுக்காத ஜெபம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு வேலையை மட்டுமே அறிந்த சனங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவில் திரும்புகிறவர்களாக எங்கள் ஊர் மாறியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் ஆயர் பிரசங்கம் செய்யவில்லை. 44ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று தேவனையே கேட்கிற சங்கீதம் அது. சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள். என்னைப் பொறுத்தவரை, அந்த மாதத்தில் நான் கேட்ட ஒரே உண்மையான ஆராதனை அதுதான்.

உங்கள் சாட்சி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். சில வசனங்கள் தள்ளி, பேதுருவைத் தேவதூதன் சிறைச்சாலையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். பேதுருவுக்காகச் சபை ஊக்கத்தோடு ஜெபித்தது என்று எழுதியிருக்கிறது. யாக்கோபுக்காக ஜெபித்ததா என்று எழுதப்படவில்லை. ஜெபிக்காமல் இருந்திருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்த வித்தியாசத்துக்கு லூக்கா ஒரு வரி விளக்கமும் தரவில்லை. பேதுரு கதவைத் தட்டிய இரவில் அந்த வீட்டில் யாக்கோபின் உறவினர் எவரேனும் இருந்திருந்தால், அவர் சொன்ன ஸ்தோத்திரம் உங்கள் "அல்லேலூயா"வைப் போன்றதாகத்தான் இருந்திருக்கும்.

பதில்: ஹெண்ணூர் ஜெபவீரன்

சகோதரி, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். ஆனாலும் ஏசாயா 59:2ஐ நாம் மறக்கலாகாது: நம்முடைய பாவங்களே அவருடைய முகத்தை நமக்கு மறைக்கின்றன. அறிக்கையிடாத ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா என்று உபவாசத்தோடு ஆராய்ந்து பாருங்கள். எங்கள் குழுவில் இருபத்தொரு நாள் உபவாசத்தில் வானம் திறந்ததைக் கண்டவர்கள் அநேகர். சோர்ந்துபோகாமல் துதியுங்கள், துதி சத்துருவை அடக்கும்.

பதில்: விவேக்நகர் வாசகர்

நான் கத்தோலிக்கன், இந்தத் தளத்தில் பெரும்பாலும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். மேலே உள்ள சகோதரர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். எனினும் ஏசாயா அந்த அதிகாரத்தில், அநீதியும் இரத்தப்பழியும் செய்துகொண்டே செபிக்கிற ஒரு மக்களைக் கண்டிக்கிறார். அந்த வசனத்தைத் தம்பியை இழந்த ஒரு பெண்ணிடம் நீட்டுவது பொருந்தாது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவர் செய்ததும் அல்ல, பெற்றோர் செய்ததும் அல்ல என்று ஆண்டவரே யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் அந்தக் கதவை அடைத்துவிட்டார். அதை நாம் திறக்க வேண்டாம்.

எங்கள் ஊர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைகளில் மதவேறுபாடின்றி வருகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் அந்த வரிசையில் நின்று கேட்டவன். கேட்டவற்றில் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. இரண்டாவது வகையைப் பற்றி எவரும் நன்றி அறிவிப்பு எழுதுவதில்லை என்பதால், கிடைக்காதவர் எல்லாரும் தாம் மட்டுமே தனி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சபையின் சாட்சி நேரத்திலும் இதுவே நடப்பதாக ஊகிக்கிறேன்.

நீங்கள் தனி அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே வாழ்ந்த ஒருவரை நினைவூட்டுகிறேன். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளுக்குப் பணி செய்யும்படி இயேசு தம்மை அழைப்பதை அன்னை தெரசா உணர்ந்தார். பணியைத் தொடங்கிய சில காலத்திலேயே அந்த உணர்வு முற்றிலும் மறைந்தது. 1958இல் சில வாரங்கள் மட்டும் இருள் விலகியது. மற்றபடி 1997இல் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், செபத்தில் இறைவன் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இதைத் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவை 2007இல் வெளிவந்தபோது, அவர் விசுவாசமே இல்லாமல் வாழ்ந்தவர் என்று சிலர் எழுதினார்கள். திருச்சபை அந்தக் கடிதங்கள் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டுதான் 2016இல் அவரைப் புனிதராக அறிவித்தது. அவருக்கு உதவியவர்களில் ஒருவர் புனேயில் இறையியல் கற்பித்த சேசு சபைக் குரு ஜோசப் நாய்னர். 1961 வாக்கில் அவர் அன்னைக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த இருளுக்கு மனித மருந்து இல்லை, இது உங்கள் குற்றத்தின் விளைவும் இல்லை, இறைவனுக்காக உங்களுக்குள் இருக்கும் இந்தத் தாகமே அவர் உங்களை விட்டுப் போகவில்லை என்பதன் அடையாளம்.

நீங்கள் மாய்மாலம் என்று அஞ்சுவதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்பெயின் நாட்டுத் துறவியான சிலுவையின் புனித யோவான், தம் சொந்தச் சபைத் துறவியராலேயே 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்ட் வரை தொலேதோவில் ஒரு சிறிய அறையில் அடைக்கப்பட்டிருந்தவர். உள்ளம் வறண்டுபோன நிலைக்கும் வெறும் அசட்டைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நுணுக்கமாக விளக்குகிறார். அசட்டை உள்ளவருக்குத் தாம் இறைவனை விட்டு விலகியது பற்றிக் கவலையே இராது. வறட்சியில் இருப்பவரோ, தாம் பின்வாங்கிவிட்டோமோ என்று எந்நேரமும் வேதனைப்படுவார். நீங்கள் இங்கே எழுதிய கேள்வியே நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அதே புனிதர், இந்த வறட்சியோடு உடல்நலக் குறைவால் வரும் மனச்சோர்வும் கலந்திருக்கக்கூடும் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதினார். தூக்கம் கெட்டிருந்தால், பசி இல்லாதிருந்தால், எதிலும் பற்று இல்லாமல் நாட்கள் நகர்ந்தால், அதையும் ஆன்மிகப் பிரச்சினை என்று சுமந்துகொண்டிருக்காதீர்கள். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல.

செபம் வரவில்லை என்றால், பிறர் எழுதிவைத்த செபத்தைச் சொல்லுங்கள். எங்கள் குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செப நூலான திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்துக்கு 88ஆம் திருப்பாடல் (சங்கீதம்) குறிக்கப்பட்டிருக்கிறது. புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் முடிவில் எங்கேனும் நம்பிக்கைக்குத் திரும்பும்; இந்தப் பாடல் திரும்பாது, இருளிலேயே முடியும். மகிழ்ச்சியாக இருக்கிற குருக்களும் துறவியரும்கூட வெள்ளி இரவில் அதைச் சொல்லியாக வேண்டும். அன்று உங்களைப் போன்ற ஒருவருக்காக அவர்கள் அதைச் சொல்லுகிறார்கள் என்று எனக்கு ஒரு குருவானவர் விளக்கினார். நீங்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். எங்கள் சபையில் சேரவேண்டிய அவசியம் இல்லை!

பதில்: முன்னாள் பாடகர்குழு

நான் இங்கே எழுதுவது பொருத்தமா என்று தெரியவில்லை. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் வெகுகாலம் பாடியவன். இதே போன்ற ஒரு மௌனத்துக்குப் பிறகு விலகிவிட்டேன். இப்போது கிறிஸ்துமஸுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போவதோடு சரி. மேலே எழுதியவர்களின் நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் இறைவன் பேசினால் அது விசுவாசத்துக்குச் சான்று, பேசாவிட்டால் அது ஆழ்ந்த விசுவாசத்துக்குச் சான்று என்றால், எது நடந்திருந்தால் அது எதிர்ச்சான்று ஆகும் என்று யாராவது சொல்ல வேண்டாமா? சகோதரி, உங்களை வெளியே அழைக்க இதை எழுதவில்லை. எதிரில் யாரும் இல்லை என்று தோன்றும்போது, உண்மையிலேயே யாரும் இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கும் பயப்படாமல் சற்று இடம் கொடுங்கள். அதன் பிறகும் நீங்கள் தங்கினால், அது பயத்தினால் தங்கியதாக இராது.

பதில்: மாரிகுப்பத்தார்

பாடகர்குழுத் தம்பி மேலே கேட்ட கேள்வி நியாயமானது. அதை வாதத்தால் மூடிவிட நான் முயலமாட்டேன். மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் எதையும் நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் விசுவாசம் என் ஜெபங்களின் வெற்றிக் கணக்கின்மேல் நின்றிருந்தால் 2001லேயே விழுந்திருக்கும். பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு மரித்த ஒருவர் உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியின்மேல் அது நிற்கிறது. அந்தச் செய்தி பொய்யானால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் 1 கொரிந்தியர் 15இல் தாமே சொல்லிவிட்டார். நீங்கள் கேட்ட எதிர்ச்சான்று அங்கே இருக்கிறது. உங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு போகிற அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீங்களும் பாடினால் அவர்கள் மகிழ்வார்கள் என்பதை மட்டும், வயதில் மூத்தவனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பதில்: காக்ஸ்டவுன் சகோதரி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, தேவன் பேசாததையும் மனிதர் பேசியதையும் நீங்கள் பிரித்துக் காட்டியது எனக்குப் பெரிய உதவி. அந்த அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. விவேக்நகர் ஐயா, தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்டது சரிதான், மருத்துவரைப் பார்க்கிறேன். ஜெபவீரன் சகோதரரே, உபவாசத்தில் எங்கள் வீட்டார் குறைவைக்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். முன்னாள் பாடகருக்கு: அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அங்கேயும் அமைதி கிடைக்கவில்லை. யாரிடம் முறையிடுவது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

மூன்றாவது கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை. பாடம் வரும் மாதம் முதல் ஞாயிறு. என் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், அண்ணனுக்காக நாம கேட்டோமே, ஏன் கொடுக்கல?" என்று நிச்சயமாகக் கேட்பான். மற்றப் பிள்ளைகள் கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது இன்னும் கடினம்.

பதில்: அல்சூர் ஆசிரியை

ஓய்வுநாள் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பாடத்தை வேறொருவரிடம் தள்ளிவிடாதீர்கள். இழப்பை அறியாத ஒருவர் அதை நடத்தினால், கேட்டால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நீ சரியாகக் கேட்கவில்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பத்து வயதில் மனத்தில் பதிகிற அந்தப் பாடம் முப்பது வயதில் அவர்களை உடைக்கும். உங்கள் வகுப்பிலோ, கேட்டுக் கிடைக்காத ஒருவர் எதிரே நின்று அந்த வசனத்தை வாசிப்பதை அவர்கள் காண்பார்கள்.

மத்தேயு 7ஆம் அதிகாரத்தை 26ஆம் அதிகாரத்தோடு சேர்த்து நடத்துங்கள். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று மலையின்மேல் சொன்னவர், கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படிசெய்யும் என்று தாமே கேட்டார். ஒருமுறை கேட்டு நிறுத்தவில்லை. மூன்றுமுறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று 44ஆம் வசனம் சொல்லுகிறது. மத்தேயுவில் வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, யூதாஸ்தான் வந்தான். யோர்தானில் ஞானஸ்நானத்தின்போதும், மறுரூப மலையிலும் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று பேசின பிதா, அந்தத் தோட்டத்தில் பேசவில்லை. மறுநாள் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று குமாரன் கூப்பிட்டபோதும் பேசவில்லை. அப்படியானால், கேட்டது கிடைக்காதவர்களின் வரிசையில் இயேசுவே நிற்கிறார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். அவர் சரியாகக் கேட்கவில்லை என்றோ, அவரிடம் பாவம் இருந்தது என்றோ அவர்களால் சொல்ல முடியாது.

இதனால் கல்லையும் அப்பத்தையும் பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஈஸ்டரைச் சொல்லி அவசரமாகத் தீர்த்துவிடவும் வேண்டாம். தோட்டத்துக்கும் கல்லறை திறந்ததற்கும் இடையே சீஷர்கள் கடந்த நாட்களைப் பிள்ளைகளும் கொஞ்சம் உணரட்டும்.

அந்தப் பையன் கேட்கும்போது, "எனக்குத் தெரியாது, நானும் அதையேதான் தேவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் குரல் உடைந்தால் உடையட்டும். மாற்கு 2:5இல் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு அவனோடு பேசினார். படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே எவரும் அளக்கவில்லை. இப்போது உங்களைச் சுமப்பது இந்தப் பிள்ளைகளின் முறையாகவும் இருக்கலாம். மாய்மாலம் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுவே என் பதில். மத்தேயு 6இல் இயேசு கண்டிக்கிற மாயக்காரர், தாங்கள் ஜெபிப்பதை மனுஷர் காணவேண்டும் என்று விரும்புகிறவர்கள். நீங்களோ உங்களிடம் ஒன்றும் இல்லாததை மனுஷர் கண்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

நடைமுறைக்குச் சில. மனப்பாட வசனமாக 7:7ஐ மட்டும் கொடுக்காமல் 26:39ஐயும் சேர்த்துக் கொடுங்கள். நடுநிலைப் பிள்ளைகளுக்கு இரண்டும் சுமையாகாது. பாடம் முடிந்தபின், கேட்டுக் கிடைக்காத ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதட்டும். பெயர் வேண்டாம், சத்தமாக வாசிக்கவும் வேண்டாம். நான் இதைச் செய்தபோது, அப்பாவின் குடியிலிருந்து அத்தையின் புற்றுநோய்வரை அந்தத் தாள்களில் வந்ததைப் பார்த்து, இவ்வளவு காலம் இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடினோம் என்று தோன்றியது. முன்கூட்டியே உங்கள் ஆயரிடமும் கண்காணிப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; இல்லையெனில் அன்று மாலையே பெற்றோரிடமிருந்து அவர்களுக்குத் தொலைபேசி வரும். முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை என்றால் வகுப்பு நேரம் குறையும். ஆகையால் இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றிக் கேளுங்கள்.

பதில்: காக்ஸ்டவுன் சகோதரி

இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன், அக்கா. கண்காணிப்பாளர் சம்மதித்துவிட்டார். தாள் எழுதும் யோசனைக்கு மட்டும் ஆயரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்; வியாழக்கிழமை போகிறேன்.